கெடுவைக் காக்குமா கெர்னல்? அந்தமான் தீவுகளை முன்வைத்து

ஒரு கணினியின் இயங்குதளத்துக்கு மையப்பகுதியான கெர்னல் நிகழ்நேர வேலைக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு, ஒரே கட்டளையைத் தட்டினால் ஆம் அல்லது இல்லை என்று விடை வந்துவிடும் எனப் பலரும் எதிர்பார்க்கின்றனர். அக்கேள்விக்குள் நான்கு கேள்விகள் அடுக்கடுக்காக இருக்கின்றன: நிகழ்நேர முன்னுரிமை வழங்கும் வசதி கெர்னலில் உள்ளதா; அந்த முன்னுரிமை கேட்கப்படும்போது கெர்னல் தன் சொந்த வேலையையும் பாதியில் விட்டு வழிவிடுமா; அவ்வசதியைக் கையாளக் குறிப்பிட்ட நிரலுக்கு அனுமதி உண்டா; இம்மூன்றும் அமைந்த பிறகும் அந்த வன்பொருளின் மேல் கெடு உண்மையாகவே காக்கப்படுகிறதா. முதல் மூன்றையும் கணினியில் உள்ள கோப்புகளையும் கட்டளைகளையும் கொண்டே அறிந்துகொள்ளலாம். நான்காவதை அளந்துதான் அறிய முடியும். சென்னையிலிருந்து கடல்வழி ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வங்கக் கடலில் நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில், ஆளில்லாத கருவி நிலையம் ஒன்றை அமைப்போருக்கு இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தவறான கெர்னலோடு ஒரு பெட்டியை நிறுவிவிட்டு வந்தால், அதைத் திருத்தக் கப்பலோ ஹெலிகாப்டரோ ஏற வேண்டியிருக்கும்.

நிகழ்நேரம் என்பது வேகத்தைக் குறிப்பதன்று. ஒரு வேலை எந்நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்று ஒரு கெடு விதிக்கப்பட்டு, எத்தனை நெருக்கடி வந்தாலும் அது தவறாது என்று முன்கூட்டியே உறுதி கூற முடிந்தால், அந்த அமைப்பு நிகழ்நேர அமைப்பு எனப்படும். சராசரியாக 5 மைக்ரோநொடியில் விடையளித்தாலும் நாளுக்கு ஒருமுறை 40 மில்லிநொடி திணறும் கணினியைவிட, ஒவ்வொரு முறையும் 90 மைக்ரோநொடி எடுத்துக்கொண்டு ஒருபோதும் 100-ஐத் தாண்டாத கணினியே இந்த அளவுகோலின்படி மேலானது. எந்த வேலைக்கு எப்போது சிபியுவைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் கெர்னலின் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். கெடு காக்கப்படுவதும் தவறுவதும் பெரும்பாலும் அதன் கையில் இருக்கின்றன.

தீவுகளில் கெடு பிறக்கும் இடம்

2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரம் 6.28-க்கு வடசுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் தொடங்கிய நிலப்பிளவு, வடக்கு நோக்கி ஓடி, நிக்கோபாரைக் கடந்து அந்தமான்வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. வடஅந்தமானின் கரைகளோ உயர்ந்தன. அது எழுப்பிய ஆழிப்பேரலை சென்னையை எட்ட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தும் அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ள இந்தியாவிடம் எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. அதன்பின் 2007 அக்டோபரில், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. நில அதிர்வுமானிகளும், கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பதியும் ஓதமானிகளும், ஆழ்கடலின் அழுத்தத்தை அளக்கும் மிதவைகளும் அதற்குத் தரவு அனுப்புகின்றன. தீவுகளின் நிலம் எவ்வளவு இடம்பெயர்ந்தது என்பதைச் செயற்கைக்கோள் இடங்காட்டி முறையில் அளக்கும் நிலையங்களையும், வலுவான அதிர்வைப் பதியும் முடுக்கமானிகளையும் இன்காய்ஸ் இத்தீவுகளில் நிறுவியிருக்கிறது. மிகப் பெரிய நிலநடுக்கங்களின் அளவைத் தொடக்கத்தில் வரும் அதிர்வலைகளை மட்டும் கொண்டு கணித்தால் குறைவாகவே தெரியும் என்பது 2004-இல் கண்ட பாடம். நிலமே எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று தெரிந்தால் அக்குறை நீங்கும்.

இவ்வகைத் தரவில் அளவுக்கு இணையாக நேரமும் முக்கியம் என்பதற்கு இத்தீவுகளிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய அலையை, போர்ட் பிளேர், சென்னை, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களில் இருந்த ஓதமானிகள் தாளில் கோடாக வரைந்து வைத்தன. அலை ஒவ்வொரு துறைமுகத்தையும் எப்போது தொட்டது, எவ்வளவு எழுந்தது என்ற அப்பதிவுகளைக் கொண்டே, ஒரு நூற்றாண்டுக்கும் பின், 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நிலநடுக்கத்தின் இருப்பிடத்தையும் பரப்பையும் கணித்து, அதன் அளவு 7.9 என்று கண்டது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் ஆழிப்பேரலை நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் ஓடுகிறது. கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் கணக்கு 12 கிலோமீட்டர் பிசகும். நில அதிர்வின் முதல் அலையோ பூமிக்குள் நொடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் ஓடுவது. அங்கே ஒரு நொடிப் பிழையே 8 கிலோமீட்டர் பிழையாகிவிடும்.

இனி, தீவுகளில் வெவ்வேறு வேலைகளுக்கு உரிய கால அளவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ஆழிப்பேரலை எச்சரிக்கையின் முதல் அறிக்கை நிமிடக் கணக்கில் வெளியாவது. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஒரு செய்தி மேலே போய்க் கீழே வருவதற்கே கால் நொடி ஆகிறது, ஏனெனில் அது ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் நிக்கோபார் கடலடிக் கண்ணாடியிழை வடம் மொத்தம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுடையது; கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்று கொண்டால், அம்முழு நீளத்தையும் கடக்க 12 மில்லிநொடி போதும். நொடிக்கு 100 முறை அளவெடுக்கும் முடுக்கமானிக்கு இரண்டு அளவுகளுக்கு இடையே 10 மில்லிநொடிதான் இடைவெளி. தலைநிலத்து மின்தொகுப்போடு இணைப்பில்லாத தீவுகளின் மின்சாரத்தில் ஓர் அலைச்சுற்று 20 மில்லிநொடி. நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட என்எல்சி நிறுவனம் தென் அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு 8 மெகாவாட்-மணி மின்கலத் தொகுதியையும் சேர்த்து அமைத்ததற்குக் காரணம், மேகம் ஒன்று குறுக்கிட்டாலும் சிறிய மின்தொகுப்பின் அதிர்வெண் சரிந்துவிடும் என்பதே.

இந்த வரிசை ஒன்றைத் தெளிவாக்குகிறது. எச்சரிக்கை மையத்தின் பெரிய சர்வரில் நிகழ்நேரக் கெர்னலை நிறுவி ஆகப்போவது ஒன்றுமில்லை. வழியிலேயே கால் நொடி கரைந்துபோகும் செய்திக்குச் சில மைக்ரோநொடிகளை மிச்சப்படுத்துவது வீண் உழைப்பு. கெடு பிறப்பது தீவின் முனையில், அளவு எடுக்கப்படும் இடத்தில். அங்கும் ஒரு பாகுபாடு உண்டு. தன் சொந்தக் கடிகாரமும் செயற்கைக்கோள் நேரமும் கொண்ட பதிவுக்கருவி, அளவெடுத்த கணத்திலேயே நேரமுத்திரை இட்டுத் தன் நினைவகத்தில் சேர்த்து வைக்குமானால், பக்கத்தில் இருக்கும் லினக்ஸ் கணினி சற்றுத் தாமதித்து அதை எடுத்துச் சென்றாலும் தரவு கெடாது. வந்துசேரும் நேரம் மட்டுமே தள்ளிப்போகும். மாறாக, செலவைக் குறைக்க எண்ணி, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஒரு சில்லைச் சிறிய கணினிப் பலகையில் நேரடியாகப் பொருத்தி, நிரலே 10 மில்லிநொடிக்கு ஒருமுறை விழித்து அளவைப் படித்து நேரத்தையும் எழுதுமாறு செய்தால், கெர்னல் செய்யும் ஒவ்வொரு தாமதமும் பொய்யான நேரமாகத் தரவுக்குள் புகுந்துவிடும். நேரமுத்திரை எங்கே இடப்படுகிறது என்று பார்த்து, அது கெர்னலின் பொறுப்பில் இருக்கிறது என்று உறுதியான பிறகே கெர்னலைச் சோதிப்பதில் பொருள் உண்டு.

முதல் அடுக்கு: வசதி இருக்கிறதா?

லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் வழி இயங்குதளங்களுக்குப் பொதுவான விதிகளை வகுக்கும் போசிக்ஸ் தரநிலை, 1993-இல் நிகழ்நேர விரிவாக்கம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. அதன்படி இரண்டு நிகழ்நேரக் கொள்கைகள் வரையறுக்கப்பட்டன. ஃபிஃபோ என்னும் கொள்கையில் உள்ள வேலை, தானே ஓயும்வரையோ தன்னைவிட உயர்ந்த முன்னுரிமை உடைய வேலை வரும்வரையோ சிபியுவை விடுவதில்லை. ரவுண்ட் ராபின் கொள்கையில், சம முன்னுரிமை உடைய வேலைகள் ஒரு குறித்த காலத்துண்டுக்கு ஒருமுறை மாறிமாறி ஓடுகின்றன. லினக்ஸில் இவற்றுக்கான முன்னுரிமை 1 முதல் 99 வரை அமைகிறது. 2014-இல் வெளியான 3.14 பதிப்பிலிருந்து டெட்லைன் என்னும் மூன்றாவது கொள்கையும் உண்டு. அதில் முன்னுரிமை எண்ணுக்குப் பதிலாக, ஒவ்வொரு சுற்றிலும் தனக்கு எவ்வளவு நேரம் வேண்டும், எந்தக் கெடுவுக்குள் வேண்டும் என்று வேலையே கெர்னலிடம் அறிவிக்கிறது.

இவற்றை அறிய சிஎச்ஆர்டி என்னும் சிறு கட்டளை போதும். அதை 'எம்' தெரிவோடு இயக்கினால், ஒவ்வொரு கொள்கையின் பெயரும் அதன் கீழெல்லை மேலெல்லைகளும் வரிவரியாக வரும். ஃபிஃபோவுக்கும் ரவுண்ட் ராபினுக்கும் நேரே 1/99 என்று இருக்கும். முதன்முறை இதைக் காண்போர் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுவதுண்டு. ஆனால், வீட்டு மேசையில் இருக்கும் சாதாரண லினக்ஸ் கணினியும் இதே விடையைத்தான் தரும், ஏனெனில் இக்கொள்கைகள் எல்லா லினக்ஸ் கெர்னல்களிலும் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. சி மொழி நிரலுக்குள்ளிருந்து சிஸ்கான்ஃப் அழைப்பின் வழியே முன்னுரிமை வசதி உண்டா என்று கேட்டாலும், லினக்ஸில் கிடைப்பது சி நூலகம் தன்னிடம் எழுதி வைத்திருக்கும் பதில்தான். அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் இயல்பு அதில் தெரியாது. முதல் அடுக்கில் கிடைக்கும் 'உண்டு' என்ற விடை, அடுத்த கேள்வியைக் கேட்கலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு மட்டுமே.

இரண்டாம் அடுக்கு: கெர்னல் வழிவிடுமா?

ரேஷன் கடையில் அவசரக்காரர் ஒருவரை வரிசையின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். கடைக்காரர் பேரேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் அவர் தலை நிமிரும்வரை முதல் ஆளும் காத்திருக்கத்தான் வேண்டும். நிகழ்நேர முன்னுரிமை என்பது வரிசையில் கிடைக்கும் இடம். கெர்னல், வட்டில் எழுதுவதற்கோ பிணையப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கோ தன் உள்வேலையில் இறங்கியிருக்கும்போது, அதை நடுவிலேயே நிறுத்தி முன்னுரிமை வேலைக்குச் சிபியுவைக் கொடுக்க முடிவது இடைமறிப்பு எனப்படும். கெர்னலைத் தொகுக்கும்போதே இதன் அளவு தீர்மானிக்கப்படுகிறது. இடைமறிப்பே இல்லாத நிலை சர்வர்களுக்கு உரியது. கெர்னல் தானாக முன்வந்து சில இடங்களில் மட்டும் வழிவிடுவது நடுத்தர நிலை. ஒரே தரவை இரு வேலைகள் ஒருசேர மாற்றாதபடி தடுக்கும் பூட்டுகள் பிடிக்கப்பட்ட பகுதிகள் நீங்கலாக மற்ற இடங்களில் வழிவிடுவது பிரீஎம்ப்ட் நிலை. அப்பூட்டுகளையும் உறங்கக்கூடிய பூட்டுகளாக மாற்றி, வன்பொருள் எழுப்பும் இண்டரப்டுகளைக்கூடத் தனி இழைகளாக்கி அவற்றுக்கும் முன்னுரிமை எண் கொடுப்பது பிரீஎம்ப்ட்-ஆர்டி. நிகழ்நேரக் கெர்னல் என்று பொறியாளர்கள் சொல்வது இந்த இறுதி நிலையைத்தான்.

இதன் வரலாறு நீண்டது. ஹங்கேரியரான இங்கோ மோல்னார் இதற்கான ஒட்டுகளை, அதாவது மூலநிரலின் மேல் இடும் திருத்தத் துண்டுகளை, 2004 அக்டோபரில் வெளியிடத் தொடங்கினார். தாமஸ் கிளைக்ஸ்னர், ஸ்டீவன் ராஸ்டெட் முதலியோர் அவற்றைத் துண்டுதுண்டாக மூலக் கெர்னலுக்குள் கொண்டுசேர்த்து வந்தனர். இறுதிப் பகுதி 2024 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸின் மூலத்தில் இணைந்து, அவ்வாண்டு நவம்பரில் 6.12 பதிப்பாக வெளிவந்தது. எனவே, 6.12-க்கு முந்தைய கெர்னலில் இவ்வியல்பு வேண்டுமானால் வெளியொட்டு இடப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிந்தைய கெர்னலில் ஒட்டு தேவையில்லை, ஆனால் தொகுக்கும்போது அத்தெரிவு இயக்கப்பட்டிருக்க வேண்டும். மூலத்தில் இருப்பதும் கையில் உள்ள கெர்னலில் இயங்குவதும் ஒன்றல்ல என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. மேலும், 6.12-இல் இவ்வசதி இன்டெல் வகை எக்ஸ்86, 64-பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகிய கட்டமைப்புகளுக்கே திறந்துவிடப்பட்டது; பழைய 32-பிட் ஆர்ம் பலகைகளுக்கு அப்போது இடமில்லை.

அறியும் வழிகள் மூன்று. யூநேம் கட்டளையை 'வி' தெரிவோடு இயக்கினால், கெர்னல் தொகுக்கப்பட்ட நாளோடு அதன் இடைமறிப்பு வகையும் ஒரே வரியில் வரும். அவ்வரியில் பிரீஎம்ப்ட் என்னும் சொல்லை அடுத்து அடிக்கோட்டோடு ஆர்டி என்று இருந்தால் அது நிகழ்நேரக் கெர்னல். பிரீஎம்ப்ட் என்று மட்டும் இருந்தாலோ, பிரீஎம்ப்ட் டைனமிக் என்று இருந்தாலோ அது நிகழ்நேரக் கெர்னல் அன்று. டைனமிக் என்பது, முதல் மூன்று நிலைகளில் ஒன்றைக் கணினி தொடங்கும்போது தெரிந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதையே குறிக்கும். இரண்டாவதாக, பூட் கோப்புறையில் கெர்னலோடு வைக்கப்படும் கான்ஃபிக் கோப்பில் அத்தெரிவுக்கு நேரே 'ஒய்' என்ற எழுத்து உள்ளதா என்று தேடலாம்; சில கெர்னல்கள் அதே பட்டியலைப் பிராக் கோப்புறையில் சுருக்கிய வடிவிலும் தருகின்றன. மூன்றாவதாக, ஒட்டிடப்பட்ட கெர்னல்கள் சிஸ் கோப்புறையின் கெர்னல் பகுதியில் ரியல்டைம் என்னும் கோப்பை வைத்து அதில் 1 என்று எழுதியிருக்கும். அக்கோப்பு இருந்தால் அது நல்ல சான்று. அது இல்லாதது மட்டும் எதிர்ச்சான்றாகிவிடாது.

ஏமாற்றும் அடையாளங்களும் சில உண்டு. கெர்னல் பதிப்பெண்ணின் வாலில் ஆர்டி என்று இருப்பது தொகுத்தவர் சூட்டிய பெயர்; அது எதையும் நிறுவாது. உபுண்டுவின் லோலேட்டன்சி கெர்னல், பெயரில் நெருக்கமாகத் தோன்றினாலும் பிரீஎம்ப்ட்-ஆர்டி ஆகாது. இண்டரப்டுகள் தனி இழைகளாக ஓடுவதைப் பட்டியலில் கண்டு முடிவுக்கு வருவதும் பிழை, ஏனெனில் சாதாரணக் கெர்னலையும் தொடக்க அளவுரு ஒன்றைக் கொடுத்து அவ்வாறு ஓடச் செய்யலாம். கன்டெய்னருக்குள் நின்று யூநேமைக் கேட்டால் வெளியே உள்ள தாய்க்கணினியின் கெர்னலே விடை சொல்லும். ஜெனோமாய் போன்ற இரட்டைக் கெர்னல் முறையில், லினக்ஸின் பக்கத்தில் இன்னொரு சிறிய கெர்னல் நிகழ்நேர வேலைகளை ஏற்றுக்கொள்வதால், யூநேம் வரியில் ஒன்றும் தெரியாமலேயே கெடு காக்கப்படலாம்.

மூன்றாம் அடுக்கு: அனுமதி உண்டா?

கெர்னல் தகுதியுடையதாக இருந்தும் நிரல் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் அனுமதியே காரணம். எல்லா நிரல்களும் 99-ஆம் முன்னுரிமையைக் கேட்டால் கணினியே உறைந்துபோகும் என்பதால், சிஸ்-நைஸ் என்னும் தனிச்சலுகை பெற்ற நிரல்களுக்கோ, ஆர்டி-பிரையோ என்னும் வரம்பு உயர்த்தப்பட்ட பயனர்களுக்கோ மட்டுமே லினக்ஸ் நிகழ்நேர முன்னுரிமையைத் தருகிறது. ஷெல்லில் யூலிமிட் கட்டளையை 'ஆர்' தெரிவோடு இயக்கினால் வரம்பு தெரியும். சாதாரணப் பயனருக்கு அது வழக்கமாக 0.

முன்னுரிமை கேட்கும் அழைப்பு தோற்கும்போது வரும் பிழைச்செய்தியைக் கூர்ந்து படிப்பது இங்கே மிகவும் பயன்தரும். 'செயலுக்கு அனுமதி இல்லை' என்ற பொருளுடைய பிழை வந்தால், கெர்னலுக்கு அக்கொள்கை தெரியும், கேட்டவருக்கு உரிமை இல்லை என்று கொள்ள வேண்டும். 'செல்லாத மதிப்பு' என்ற பொருளுடைய பிழை வந்தால், அக்கொள்கையோ கேட்ட எண்ணோ கெர்னலுக்குத் தெரியாதது என்று கொள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதி 'இந்தக் கெர்னலில் நிகழ்நேர வசதி இல்லை' என்று எழுதிவிடும் நிரல்கள் ஏராளம். அந்த ஒரு வரியை நம்பித் தேவையில்லாமல் கெர்னலை மாற்றப் புறப்படுவோரும் உண்டு. ரூட் பயனராக இருந்தும் அனுமதி மறுக்கப்படுமானால், வேலைகளைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் நிகழ்நேரப் பங்கு ஒதுக்கும் தெரிவு கெர்னலில் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குழுவின் பங்கு 0 என்று இருந்தால் ரூட்டின் கோரிக்கையும் எடுபடாது. இதோடு, நிகழ்நேர வேலைகள் அனைத்தும் சேர்ந்து ஒரு நொடியில் 0.95 நொடிக்கு மேல் சிபியுவைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்ற பாதுகாப்பு வரம்பு நெடுங்காலமாக லினக்ஸில் இயல்பாக அமைந்துள்ளது. ஓயாமல் சுற்றும் நிரல் எழுதியவர், நொடிக்கு ஒருமுறை 50 மில்லிநொடி மர்மமாகத் தொலைவதைக் காண்பது இதனால்தான்.

வசதி இருப்பதும் அது இயக்கப்பட்டிருப்பதும் வேறு என்பதற்கு உலகறிந்த சான்று 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர். தாழ்ந்த முன்னுரிமை உடைய வானிலை வேலை ஒன்று ஒரு பூட்டைப் பிடித்திருக்க, அதே பூட்டுக்காக உயர்ந்த முன்னுரிமை வேலை காத்திருக்க, இடைப்பட்ட முன்னுரிமை உடைய வேலைகள் நடுவே புகுந்து ஓடின. கெடு தவறியதைக் கண்ட காவல் பொறிமுறை கணினியைத் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்தது. பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுத்து இச்சிக்கலை நீக்கும் வசதி விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் முன்னரே இருந்தது; அந்தப் பூட்டுக்கு அது இயக்கப்படவில்லை, அவ்வளவே. பொறியாளர்கள் பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தனர். லினக்ஸின் பிரீஎம்ப்ட்-ஆர்டியில் கெர்னலின் உள்பூட்டுகளுக்கு இவ்வசதி தானாகவே கிடைக்கும். பயனர் நிரலின் பூட்டுகளுக்கு நிரலர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

நான்காம் அடுக்கு: அளந்தால் என்ன வருகிறது?

இதுவரை பார்த்தவை எல்லாம் கெர்னல் தன்னைப் பற்றித் தானே சொல்லும் வாக்குமூலம். அது உண்மையா என்று சோதிக்கும் கருவி, தாமஸ் கிளைக்ஸ்னர் எழுதிய சைக்ளிக்டெஸ்ட். ஓர் இழையை உயர்ந்த முன்னுரிமையில் வைத்து, குறித்த இடைவெளியில் தன்னை எழுப்புமாறு கெர்னலிடம் சொல்லிவிட்டு உறங்கி, எழுந்ததும் எவ்வளவு தாமதமாக எழுப்பப்பட்டோம் என்று கணக்கிட்டு எழுதுவதே அதன் வேலை. ஒவ்வொரு சிபியு உட்கருவுக்கும் ஒரு வரி வரும். அதில் முன்னுரிமை, இடைவெளி, சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அடுத்துக் குறைந்தபட்ச, தற்போதைய, சராசரி, அதிகபட்சத் தாமதங்கள் மைக்ரோநொடியில் நிற்கும். எடுத்துக்காட்டாக 3, 6, 7, 4,812 என்று எண்கள் வரிசையாக வந்தால், முதல் மூன்றும் கண்ணைக் கவர்ந்தாலும் கடைசி எண்ணையே தீர்ப்பாகக் கொள்ள வேண்டும்; ஒரே ஒருமுறை நிகழ்ந்த அந்த 4.8 மில்லிநொடி, நொடிக்கு 100 அளவெடுக்கும் நிரலில் இடைவெளியின் பாதியை விழுங்கியிருக்கும்.

அதிகபட்சத்தைத் தேடுவதால் சோதனை நீண்டதாகவும் கடுமையானதாகவும் இருக்க வேண்டும். சும்மா கிடக்கும் கணினியை அளந்தால் சாதாரணக் கெர்னலும் தேர்ச்சி பெற்றுவிடும். ஹேக்பெஞ்ச், ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற சுமையேற்றிகளை ஓடவிட்டு, வட்டில் எழுதி, பிணையத்தில் தரவைத் தள்ளிக்கொண்டே அளக்க வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த ஓஎஸ்ஏடிஎல் அமைப்பு தன் சோதனைக்கூடத்தில் 200 மைக்ரோநொடி இடைவெளியில் 10 கோடிச் சுற்றுகள் ஓட்டுவதை வழக்கமாக வைத்திருக்கிறது. ஒரு முறை ஓடி முடிய ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. சைக்ளிக்டெஸ்ட் ஓடும்போது, சிபியு ஆழ்ந்த மின்சேமிப்பு உறக்கத்துக்குப் போகாதபடி தானே தடுத்துவிடுகிறது. பயனரின் சொந்த நிரல் அவ்வாறு தடுக்காவிட்டால், உறக்கத்திலிருந்து எழும் நேரமும் தாமதத்தில் சேர்ந்து, சோதனையில் கண்ட எண்ணைவிட மோசமான எண் களத்தில் வரும். நிரல் தன் நினைவகப் பக்கங்களை முன்கூட்டியே பூட்டி வைக்காமல் விட்டால், வட்டிலிருந்து பக்கத்தை இழுத்துவரும் ஒரு தருணம் போதும், எல்லா உறுதியும் கலைந்துவிட. இன்டெல் வகைக் கணினிகளில் தாய்ப்பலகையின் நிலைமென்பொருள் கெர்னலுக்கே தெரியாமல் சிபியுவைப் பறித்துக்கொள்ளும் எஸ்எம்ஐ என்னும் குறுக்கீடும் உண்டு. அதைக் கண்டறிய எச்டபிள்யூலாட்-டிடெக்ட் என்னும் தனிக்கருவி இருக்கிறது. மெய்நிகர் கணினியாக இருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல கெர்னல் இருந்தாலும் வெளியே உள்ள மேலாளர் மனம்வைத்தால்தான் சிபியு கிடைக்கும்.

தீவுகளுக்கே உரிய காரணி வெப்பமும் ஈரமும். ஆண்டு முழுவதும் புழுக்கம் குறையாத ஊரில், உப்புக்காற்றுக்கு அஞ்சி இறுக மூடிய பெட்டிக்குள் இருக்கும் சிறிய கணினிப் பலகை, சில்லின் வெப்பம் 80 பாகையைத் தாண்டும் நிலையில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டப்பட்ட சென்னை ஆய்வகத்தில் எடுத்த எண்ணை நிக்கோபாரின் கமோர்ட்டாத் தீவில் உள்ள பெட்டிக்கும் பொருந்தும் என்று கொள்வது சரியாகாது. நிறுவிய இடத்தில், மூடியை முடுக்கிய பிறகு, நண்பகலில் எடுத்த எண்ணே அந்நிலையத்தின் எண்.

தொலைநிலையத்துக்கு ஒரு நடைமுறை

இந்நான்கு அடுக்குகளும் ஒருமுறை பார்த்து முடித்துவிடும் வேலையாக அமைவதில்லை. நிகழ்நேரக் கெர்னல் நிறுவப்பட்ட கணினியில், தானியங்கி மேம்படுத்தல் ஒரு நாள் இரவில் புதிய பொதுக் கெர்னலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த மின்வெட்டுக்குப் பின் கணினி அதிலேயே எழுந்துவிட்டால், வெளிப்பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது: நிரல் ஓடும், தரவு வரும், முன்னுரிமை கேட்டாலும் கிடைக்கும். நேரமுத்திரைகள் மட்டும் நெருக்கடி வேளையில் சிதறும். நெருக்கடி என்பதோ நிலம் அதிர்ந்து எல்லாக் கருவிகளும் ஒருசேரத் தரவு கொட்டும் அதே நிமிடங்கள். எனவே, பொறியாளர் நினைவாற்றலை நம்பியிராமல், அளவெடுக்கும் நிரலே ஒவ்வொரு தொடக்கத்திலும் இச்சோதனையைச் செய்துகொள்வது நல்லது. யூநேம் வரியில் இடைமறிப்பு வகையைப் படித்து, முன்னுரிமையைக் கேட்டு, தோற்றால் எந்தப் பிழையால் தோற்றது என்று பிரித்து அறிந்து, சில நிமிடங்கள் தன் தாமதத்தைத் தானே அளந்து, அந்த நான்கு விடைகளையும் தரவுக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். எதிர்பார்த்த நிலை இல்லையென்றால் நிரல் நின்றுவிடக் கூடாது; ஆளில்லாத் தீவில் நின்றுபோன நிரலைவிடக் குறையுள்ள தரவு பயன்மிக்கது. தன் நேரமுத்திரை ஐயத்துக்குரியது என்று ஒவ்வொரு பதிவிலும் குறித்துக்கொண்டே அது தொடர்ந்து அனுப்ப வேண்டும்.

இவ்வாறு செய்தால் ஹைதராபாத்தில் தரவைப் படிப்பவர், எந்த நிலையத்தின் நேரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கணக்கிட்டே பயன்படுத்த முடியும். கெர்னல் நிகழ்நேரத்துக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு முழுமையான விடை, எத்தனை மைக்ரோநொடி, எத்தனை மணி நேரச் சோதனையில், எந்தச் சுமையில், எந்த இடத்தில் என்ற நான்கு விவரங்களோடு சேர்ந்த ஓர் எண்ணாகவே இருக்க முடியும். அவ்வெண் கெடுவுக்குள் அடங்கினால் பெயர் எதுவாயினும் அந்தக் கெர்னல் போதுமானது. அடங்காவிட்டால், யூநேம் வரியில் எது எழுதியிருந்தாலும் அது போதாது.